தேக்கடி ஏரியில் ஒரு நாள்

திருப்புலி நாட்டில் வாழ்கிற எங்களுக்கு மலை புதிதல்ல, அருவியும் புதிதல்ல. ஆனால் பரந்து கிடக்கும் தண்ணீர்தான் கொல்லிமலையில் இல்லை. வாசலூர்பட்டியில் படகுத்துறை உண்டு என்றாலும் அது சின்ன ஏரி. அதனால் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு தேக்கடிக்குப் புறப்பட்டோம்.

கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி. வழியில் லோயர் கேம்ப் அருகே மலைச்சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குவதைக் காணலாம். பெரியாற்றுத் தண்ணீர் அவற்றில் பாய்ந்து மின்சாரம் தந்துவிட்டு, தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. பாதை வளைந்து வளைந்து ஏறும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பழகிய வயிறுகள் எங்களுடையவை! மற்றவர்கள் வெறும் வயிற்றோடும் வராமல், வயிறு முட்டவும் சாப்பிடாமல், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காலையில் முதல் படகுக்கே போய்விட்டோம். ஏறுமுன் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை தந்தார்கள்.

"பொடவை மேல இதென்ன சட்டை கண்ணு? எனக்கு வேண்டாம்" என்றார் என் மாமியார்.

"எல்லாரும் போட்டாத்தான் படகு நகரும், அத்தை" என்று சொல்லிப் போட்டுவிட்டேன்.

படகு மெல்ல நகர்ந்தது. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்த்தேக்கம் இது. பள்ளத்தாக்குகளில் தண்ணீர் புகுந்து நிற்பதால் ஒரே பார்வையில் அடங்காது. திருப்பத்துக்குத் திருப்பம் புதிதாக ஒரு ஏரி திறக்கும். தண்ணீரிலிருந்து கரிய மரக்கட்டைகள் தலை நீட்டுகின்றன. 1895இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை! அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்கின்றன.

"இத்தனை தண்ணியையும் தேக்கி வச்ச மகராசன் யாருப்பா?" என்று கேட்டார் அத்தை.

"பென்னிகுவிக்குனு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர்ம்மா" என்றார் என் கணவர். மேற்கே கடலுக்குப் போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர். தேனிப் பக்கம் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள்.

"யானை! யானை!" சின்னவன்தான் முதலில் பார்த்தான். குட்டியோடு நான்கு யானைகள் கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. படகே எழுந்து நின்றது. "உட்காருங்க, ஒரே பக்கம் வராதீங்க!" என்று ஊழியர் அதட்டினார்.

அந்த அதட்டலுக்குக் காரணம் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் 'ஜலகன்னிகா' என்ற படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். நம் தமிழ்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் அதில் உண்டு. விலங்குகளைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் திரண்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

என் கணவர் இதைத் தணிந்த குரலில் சொன்னதும் அத்தை பேசவில்லை. தளர்த்தி விட்டிருந்த தன் சட்டையின் பட்டியை இறுக்கிக்கொண்டார். பிறகு பேரனை இழுத்து மடியருகே உட்கார வைத்து, அவன் பட்டியையும் இழுத்துப் பார்த்தார். "யானை எங்க போகப் போவுது? உக்காந்தே பாரு சாமி" என்றார். உட்கார்ந்தே பார்த்தோம்; யானைகள் நன்றாகவே தெரிந்தன.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

படகுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். விடுமுறையில் கூட்டம் அதிகம்.

விலங்குகள் அதிகம் தென்படுவது வறண்ட மாதங்களில், காலை வேளையில். காலையில் குளிரும், குழந்தைக்கும் முதியவர்களுக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

இது புலிகள் காப்பகம். பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்து, தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டு போங்கள்.

உயிர்காப்புச் சட்டையைக் குழந்தையின் அளவுக்குக் கேட்டு வாங்குங்கள். எல்லாப் பட்டியையும் மாட்டுங்கள். புகைப்படத்துக்காகக்கூடக் கழற்ற வேண்டாம். பட்டிகளை நீங்களே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு யானையைத் தேடுங்கள்!