சம்பல் பள்ளத்தாக்கும் கம்பம் பள்ளத்தாக்கும்

தமிழ் சினிமாவில் பட்டாளத்துக்காரர்கள் இரண்டே வகை. ஒன்று, லீவில் ஊருக்கு வந்த இடத்தில் தனி ஆளாக நின்று வில்லன் கோஷ்டியைப் பந்தாடுகிறவர். இன்னொன்று, பெரிய மீசை வைத்துக்கொண்டு, கேண்டீன் பாட்டிலைத் திறந்து வைத்து, நடக்காத சண்டைக்கெல்லாம் கதை சொல்லும் காமெடியன். அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் 'மண்வாசனை'யில் (1983) கதாநாயகன் ஊரை விட்டு ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேருவான். வடக்கத்திப் பெண் ஒருத்தியை மனைவியாகக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவான். கதைக்கு அது போதும். அங்கே அவன் என்ன செய்தான், பட்டாளத்தை விட்டு வந்தபின் எப்படிப் பிழைப்பான் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட படம் ஒன்று ஹிந்தியில் வந்தது. பெயர் 'பான் சிங் தோமர்'. 2012 மார்ச்சில் ரிலீஸ். இயக்கம் திக்மான்ஷு தூலியா, நாயகன் இர்ஃபான் கான். பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் வந்த இந்தப் படம், சிறந்த படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. இர்ஃபானுக்குச் சிறந்த நடிகர் விருது. 2020-ல் அவர் காலமானபோது பலரும் முதலில் நினைத்துப் பார்த்த படங்களில் இதுவும் ஒன்று.

இது கற்பனைக் கதை இல்லை. பான் சிங் தோமர் நிஜ மனிதர். மத்தியப் பிரதேசத்தின் மொரேனா பக்கம் பிதோசா என்ற கிராமத்தில் பிறந்தவர். ராணுவத்தின் பெங்கால் எஞ்சினியர்ஸ் பிரிவில் சேர்ந்து சுபேதார் வரை உயர்ந்தவர். 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் ஏழு முறை தேசிய சாம்பியன். 1958 டோக்கியோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காக ஓடியவர். ஸ்டீபிள்சேஸ் என்பது சும்மா ஓடுகிற ஓட்டம் இல்லை. 28 தடுப்புகளையும் 7 தண்ணீர்க் குழிகளையும் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். அப்படிப்பட்ட மனிதர் 1981 அக்டோபர் 1-ஆம் தேதி சம்பல் பள்ளத்தாக்கில் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவர் தலைக்கு விலை வைக்கப்பட்டிருந்த ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவர்!

நடுவில் என்னதான் நடந்தது? அதுதான் படம்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்புதான். ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு அளந்துதான் சாப்பாடு, விளையாட்டு வீரனுக்கு அந்த அளவு கிடையாது என்று தெரிந்ததும் பான் சிங் ஓட்டக்காரர் ஆகிறார். பசிதான் காரணம், தேசபக்தி எல்லாம் அப்புறம். மேஜர் வீட்டுக்கு ஐஸ்கிரீம் உருகுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் ஓடும் காட்சியை யாரும் மறக்க முடியாது. இந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஒரு முள்ளும் இருக்கிறது. 1962 போருக்குப் போகிறேன் என்று அவர் கேட்கிறார். விளையாட்டு வீரர்களைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். நாட்டுக்காக ஓடலாம், சண்டை போடக் கூடாது. கடைசியில் அவர் துப்பாக்கி தூக்கியது சொந்த ஊரில், சொந்தப் பங்காளிக்கு எதிராக.

ஆமாம், பங்காளித் தகராறுதான். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தால் நிலம் கைமாறிக் கிடக்கிறது. பான் சிங் உடனே துப்பாக்கியைத் தூக்குவதில்லை. பட்டாளத்தில் கற்ற ஒழுங்கு அவரிடம் இருக்கிறது. முதலில் பஞ்சாயத்து. அங்கே நியாயம் கிடைக்கவில்லை. கலெக்டரிடம் சொல்கிறார். அவர் வந்து பார்த்துவிட்டு, உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். பதக்கங்களையும், தன் படம் போட்ட பழைய பேப்பர் துண்டுகளையும் எடுத்துக் காட்டுகிறார். அந்த அதிகாரி அதைத் தூக்கி எறிகிறார்.

படத்தின் உயிர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது. அவருடைய அம்மா அடித்துக் கொல்லப்படுவது இதற்கு அப்புறம்தான் வருகிறது. பழிவாங்கும் கதைக்கு அந்தக் கொலை தேவை. ஆனால் மனிதர் உள்ளுக்குள் உடைவது ஸ்டேஷனில், அந்த மேஜைக்கு முன்னால். இத்தனை வருடம் உத்தரவு கொடுத்தால் கீழ்ப்படிந்த ஒருவர், முதல் முறையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்கிறார். கேட்ட இடத்தில் அவர் யார் என்றே தெரியவில்லை. பின்பாதியில் அவர் அந்தப் பங்காளியைத் துரத்திப் பிடித்து, பதில் சொல் பதில் சொல் என்று கத்துவார். அந்தப் பங்காளியிடம் மட்டும் கேட்கிற கேள்வியாக அது தெரியாது.

படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. கொள்ளைக்காரராக மாறிய பிறகு வரும் கடத்தல், பணம் பேரம் எல்லாம் கொஞ்சம் இழுக்கிறது. மனைவியாக வரும் மாஹி கில்லுக்குப் பெரிதாக வேலை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் படம் நேர்மையானது. பான் சிங்கைத் தியாகி ஆக்கவில்லை. அவர் ஆட்களைக் கடத்துகிறார், கொல்கிறார். அந்தக் குடும்பங்களுக்கும் பதில் சொல்ல யாரும் இல்லை. அவருக்கு நடந்தது அநியாயம் என்பதால் அவர் செய்தது நியாயம் ஆகிவிடாது.

இதே மாதிரி ஒரு படம் அமெரிக்காவிலும் வந்திருக்கிறது. 2022-ல் வந்த 'பிரேக்கிங்'. ஜான் போயேகா நடித்தது. அதுவும் நிஜக் கதை. பிரையன் பிரவுன்-ஈஸ்லி என்ற முன்னாள் மரைன் வீரர், 2017 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வங்கிக்குள் நுழைந்து, பையில் வெடிகுண்டு இருக்கிறது என்றார். வங்கிப் பணத்தை அவர் கேட்கவில்லை. முன்னாள் படைவீரர் துறை தனக்குத் தராமல் பிடித்து வைத்த மாதப் பணம் 892 டாலர் வேண்டும் என்றார். பிணையாக வைத்திருந்த பெண்களிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் சுட்டுக் கொன்றது. வயது 33. பையில் வெடிகுண்டு எதுவும் இல்லை.

அங்கே 892 டாலர், இங்கே கொஞ்சம் நிலம். இரண்டு பேரையும் எதிரி நாட்டுக் குண்டு தொடவில்லை. உள்ளூர் மேஜைதான் முடித்து வைத்தது.

"அதெல்லாம் அமெரிக்கா, சம்பல். நம்ம பக்கம் அப்படி இல்லையே" என்று சொல்லலாம். சரி, நம்ம பக்கத்தையே பார்ப்போம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று தேனிக்கு வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் ஒரு பக்கம் நெல், ஒரு பக்கம் திராட்சை, நடுவில் வாழை. சம்பல் மாதிரி வெடித்துக் கிடக்கும் மண் இல்லை. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. இப்படிப்பட்ட மண்ணில் அரை ஏக்கர் என்றாலும் அது சொத்து. வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலும் சண்டை.

இந்த ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர் என்ன செய்வார்? பணத்தை வீட்டுக்கு அனுப்புவார். நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கும். அண்ணனோ சித்தப்பாவோ உழுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவு, கல்யாணம், காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா என்று ஓடிவிடும். தாலுகா ஆபீசுக்குப் போக நேரம் ஏது? "சொந்தத்துக்குள்ள என்ன எழுத்து?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். 18 வயதில் சேர்ந்து 17 வருடம் கழித்து வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 35. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். பென்ஷன் உண்டு, ஆனால் இனிமேல்தான் வாழ்க்கையே இருக்கிறது. வங்கி வாசலில் துப்பாக்கியோடு, ஏடிஎம்மில், மில் கேட்டில் நிற்க வேண்டியதுதான். அந்தச் சமயத்தில்தான் பட்டாவில் தன் பெயர் எங்கே என்று தேட ஆரம்பிப்பார்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் கணக்கு இன்னும் சுருக்கம். 4 வருடம்தான். 100 பேரில் 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்ச ரூபாயோடு வெளியே வர வேண்டும், பென்ஷன் கிடையாது.

பென்ஷன் இருப்பவருக்காவது நிம்மதியா? ராணுவ பென்ஷனை 'ஸ்பர்ஷ்' என்ற ஆன்லைன் முறைக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம், 2022 ஏப்ரல் மாதப் பென்ஷன் 58,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு உரிய நாளில் வரவில்லை. வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பு முடியவில்லை என்பதுதான் காரணம். சத்தம் கிளம்பியதும் மே முதல் வாரத்திலேயே பணம் போட்டுவிட்டார்கள். நல்லவேளை. ஆனால் அந்த சில நாட்கள் ஒரு கிழவர் பாஸ்புக்கை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பார்? 892 டாலர் கதை அவ்வளவு தூரத்தில் இல்லை.

இந்தப் பிரச்சினை அரசாங்கத்துக்குத் தெரியாததும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1925-ல், இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். போர் மாதிரியான சூழ்நிலையில் பணியில் இருக்கும் சிப்பாய்க்காக கோர்ட்டில் யாரும் ஆஜராகவில்லை என்றால் அவர் மீதான சிவில் வழக்கை நிறுத்தி வைக்கலாம். நல்ல சட்டம். ஆனால் அது பணியில் இருப்பவருக்கு. பான் சிங் மாதிரி ஓய்வு பெற்று வந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. சரியாக 100 வருடம் கழித்து, 2025 ஜூலையில், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற இலவச சட்ட உதவித் திட்டத்தை ஆரம்பித்தது. படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்கள் எல்லோருக்கும். நிலத் தகராறு, குடும்ப வழக்கு எதுவானாலும் கேட்கலாம். 1977-ல் இப்படி ஒன்று மொரேனாவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கம்பம் பள்ளத்தாக்குக்கு நன்றி மறக்கும் பழக்கம் கிடையாது. பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் ஒரு ராணுவப் பொறியாளர். 1895-ல் முடிந்த வேலைக்கு இன்றைக்கும் ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்தவருக்கு அத்தனையும் தகும். ஆனால் அந்தத் தண்ணீர் பாயும் வயலில் தன் பங்கைக் கேட்டு வரும் ரிட்டயர்டு ஹவில்தாரை மட்டும் ஏன் "மிலிட்டரி வந்துட்டாருப்பா" என்று கிண்டல் செய்கிறோம்?

'பான் சிங் தோமர்' முடிந்ததும் திரையில் சில பெயர்கள் வரும், எழுந்து போய்விடாதீர்கள். அதில் இரண்டு பேர் ராணுவத்துக்காரர்கள். 1954 ஆசியப் போட்டியில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற சர்வன் சிங், பிற்காலத்தில் டாக்சி ஓட்டினார். பதக்கத்தையும் விற்றார். மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஹாக்கி கோல்கீப்பராக நின்ற சங்கர் லக்ஷ்மண், 2006-ல் காலில் புண் அழுகி இறந்தார். இவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை. அதனால் இவர்களைப் பற்றிப் படமும் வரவில்லை.

நண்பர்களே, படத்தை அவசியம் பாருங்கள். பார்த்த பிறகு முடிந்தால் ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் தெருவில் ஒரு முன்னாள் பட்டாளத்துக்காரர் இருப்பார். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு மறந்துபோய், போனை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு இருப்பார். போய் உயிர்ச்சான்று பதிந்து கொடுங்கள். பட்டாவில் பிரச்சினை என்றால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தேனியிலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள், ஒருநாள் கூடவே போய் வாருங்கள். பி.காம் படிக்கிறவனுக்கு ஒரு ஃபாரம் நிரப்புவது பெரிய காரியமா என்ன? அரை மணி நேர வேலை. அவர் கட்டாயம் சண்டைக் கதை சொல்வார். அதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.