ஒன்று தேயட்டும்

மடக்குக்கத்தி சேர்ப்பவர்களுக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். என்னிடம் ராம்பூரி இருக்கிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்துவரும் ஒப்பினெல் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த ஷெஃபீல்டு ராஜர்ஸ் பேனாக்கத்தியும் இருக்கிறது. நம் பக்கத்துக் கொல்லர் அடித்த கத்தி மட்டும் இல்லை. போளூரில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் நண்பர், வேட்டி மடிப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொய்யாப்பழம் நறுக்கினார். “படவேட்டுல அடிச்சது” என்றார். மறுவாரமே அவரையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சந்தவாசலைத் தாண்டினால் ஜவ்வாது மலை கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. அடிவாரம் முழுக்க வாழை. சம்புவராயர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் படவேடு. இன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது ரேணுகாம்பாள் கோயில்தான். ஆடி வெள்ளிகளில் கூட்டம் நெரியும்.

பட்டறை ஒரு கீற்றுக் கொட்டகை. பெரியவர் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சம்மட்டியோடு நின்றது அவர் மனைவி. இரும்பைக் குறட்டில் பிடித்து அவர் சின்னச் சுத்தியலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டுவார். மறுநொடி அதே இடத்தில் அந்த அம்மாவின் அடி விழும். மகன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குப் போன பிறகு சம்மட்டி இவர் கைக்கு வந்ததாம். ஐம்பது வயதுக்கு மேல் பழகிய வேலை. “கை வலிக்காதாம்மா?” என்று கேட்டேன். “கை பழகிடுச்சுப்பா. காதுதான் போச்சு” என்றார். பக்கத்தில் நின்று பேசினாலும் அவருக்குப் பாதிதான் கேட்கிறது. அப்படியிருந்தும் கடைகளில் அந்தக் கத்தியை விற்கும்போது ‘ஆசாரி செஞ்சது’ என்றுதான் சொல்கிறார்கள்.

இரும்பு, கழித்துப்போட்ட லாரிப் பட்டை. அதை வெட்டி நீட்டுவதும் அரம் போடுவதும் நீண்ட வேலை, விட்டுவிடுகிறேன். நான் அசந்து நின்றது தண்ணீர் காட்டும் இடத்தில். பழுக்கக் காய்ந்த கத்தியின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்தார். ஒரு கல்லால் அந்த இடத்தைச் சரசரவென்று தேய்த்து வெளுப்பாக்கினார். முதுகில் மிச்சமிருந்த சூடு வாயை நோக்கி இறங்க, வெளுத்த இடத்தில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அது கறுத்து நீலமாவதற்குள் மறுபடி தண்ணீர். நிறம் வருமுன் அவசரப்பட்டால் வாய் பெயரும். தாமதித்தால் மடங்கும். அவர் இமைக்கவே இல்லை.

பிறகு ஆணி. இந்தக் கத்தியில் ஸ்பிரிங் கிடையாது. பிடியையும் கத்தியையும் சேர்த்துக் கோக்கும் ஒற்றை ஆணியின் இறுக்கம்தான் எல்லாம். இரு பக்கமும் பித்தளை வில்லை வைத்து, ஆணித்தலையைப் பூ விரிவதுபோல் தட்டிக்கொண்டே வந்தார். நாலு தட்டு, விரித்துப் பார்ப்பது. இரண்டு தட்டு, விரித்துப் பார்ப்பது. தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக்கூடாது, கட்டைவிரலால் தள்ளினால் வரவேண்டும். அதுதான் அவர் கணக்கு.

இந்திய உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை வாசித்தார். பம்பாயிலிருந்து போன உருக்கில் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்த செய்தி அதில் வருகிறது. பின்னாளில் அதே ஸ்டோடார்டும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அந்த உருக்கின் ரகசியத்தைத் தேடினார்கள். அப்படிப்பட்ட உருக்கைக் காய்ச்சிய மூசைத் துண்டுகளைப் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1990-களில் எழுதினார். இந்த நிலத்தின் இரும்புக்கு உலகம் அறிந்த பெயர் இருந்தது. அடித்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

இப்போதும் அந்தக் கதைதான். பெரியவர் தன் கத்தியில் மூன்று புள்ளி குத்துவார், அவர் அப்பா குத்திய அடையாளம். மொத்தமாக எடுக்கும் வியாபாரி அதை வேண்டாம் என்கிறார். வெறும் கத்தியாக வாங்கிப்போய்த் தன் கடை முத்திரையைப் போட்டுக்கொள்கிறார். ஜப்பானின் மிக்கி ஊரில் 1890-களில் பிறந்த ஹிகோனோகாமியும் ஸ்பிரிங் இல்லாத மடக்குக்கத்திதான். பிடியில் பெயர் பொறித்திருப்பதால் உலகம் முழுக்கப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். இங்கே வியாபாரி விலையில் அடிப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடையாளத்தை அழித்துவிட்டால் நாளைக்கு இவரைத் தேடி எவன் வருவான்? கொல்லர்களுக்குக் கடன் தரும் திட்டங்கள் வந்திருக்கின்றன, வரட்டும். செய்தவர் பெயரை அழிப்பவனை எந்தக் கடன் தடுக்கும்?

பெரியவர் சாக்குப்பையைக் கவிழ்த்தார். வேங்கைப் பிடி, புளியம்பிடி, எருமைக்கொம்புப் பிடி. மூன்றையும் எடுத்துக்கொள்ளக் கை பரபரத்தது. கொம்பில் ஓடிய வெள்ளை ரேகை இன்னும் கண்ணில் நிற்கிறது.

“மூணு வாங்கி என்னா சார் பண்ணுவீங்க?”

“சேர்த்து வெச்சிருக்கேன் ஐயா.”

கொண்டுபோயிருந்த கத்திகளைக் காட்டினேன். ராம்பூரியை விரித்து மடக்கிவிட்டுக் கீழே வைத்தார். ராஜர்ஸைத்தான் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாத்தா தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகியிருந்த கத்தி அது. “இது உழைச்சிருக்கு” என்று மனைவியிடம் நீட்டினார். அவரும் வாயை விரலால் வருடிப் பார்த்தார்.

“ஒண்ணு எடுத்துக்கங்க. தேயட்டும். அப்புறமா வாங்க.” விற்பனை குறைவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பட்டறைக்கு அன்றாடம் அரிசி வாங்கித் தருவது, வாய் மழுங்கித் திரும்பி வரும் கத்திகளும் கொடுவாள்களும்தான். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே தோட்டத்து ஆள் ஒருவர் இரண்டு கொடுவாளைப் போட்டுவிட்டு, “சாயங்காலம் வரேன்” என்று போனார்.

புளியம்பிடியை வாங்கினேன். மூன்று புள்ளி குத்தித் தரச் சொன்னேன். இப்போது வெங்காயம், தேங்காய் நார்க் கயிறு, பார்சல் எல்லாம் அதில்தான். கொம்புப் பிடியை நினைக்காத வாரம் இல்லை. இதன் வாய் தேயும்வரை போகப்போவதில்லை. எனக்கும் ஒன்று வாங்கி அனுப்பு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் வாங்கி அனுப்புவதில்லை. போளூரில் பஸ் ஏறச் சொல்கிறேன். புள்ளி வைத்த கத்தியாகக் கேளுங்கள், அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள், அந்த அம்மாவிடம் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன்.