சுவரும் சுமையும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது எம்மவர் பழமொழி. அதனைச் சொல்லிச் சென்ற முன்னோர் கண்ட சுவர் வேறு. கனடாவில் நாம் காணும் சுவர் வேறு. ஊரிலே கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பிய சுவரில் ஆணி அறையத் தோள்வலிமை வேண்டும். ஒருமுறை இறங்கிய ஆணி தலைமுறைகளையும் தாங்கி நிற்கும். இங்கோ பெரும்பாலான வீடுகளின் உட்சுவர் 'ட்றைவோல்' எனப்படும் பலகையே. இரு தடித்த தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை இறுக்கிச் செய்த இப்பலகையின் முன்னோடிக்கு, அமெரிக்கரான ஓகஸ்டின் சக்கெற் 1894 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். அதன் வழமையான தடிப்பு அரை அங்குலம். அதற்குப் பின்னால் இருப்பது வெற்றிடம். பொதுவாக 16 அங்குலத்திற்கு ஒன்றாகச் சட்டங்கள் நிற்கும். சட்டத்தில் இறங்கிய திருகாணி நிலைக்கும். வெற்றிடத்தில் இறங்கியதோ, சுமை ஏறியதும் வெண்பொடியை உதிர்த்துக்கொண்டு கழன்றுவிடும்.

எமது வகுப்பிலே 'எனது பேரனார்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னோம். ஒன்பது வயது மாணவன் ஒருவன் இரண்டு வரிகளோடு நிறுத்திக்கொண்டான். கண்டறியாத முகத்தைப் பற்றி அவன் என்னதான் எழுதுவான்? அவனது தாயாரிடம் வினவியபோது, கனத்த மரச்சட்டமும் கண்ணாடியும் கொண்ட பேரனாரின் படம், சேலையொன்றிற் சுற்றப்பட்டு அலுமாரிக்குள் இருப்பது தெரியவந்தது.

"மாஸ்ரர், இந்த வீட்டுச் சுவர் பிஸ்கற் மாதிரி. ஆணி நிக்காது. எப்பிடியும் வேறை வீட்டுக்குப் போவம்தானே, அங்கை பாப்பம்" என்றார் அவர். அவ்வாடகை வீட்டிற்கு வந்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை அவர்கள் பெற்றபின், ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நாம் அங்கு சென்றோம். படத்தையும் பூத்தட்டையும் வைப்பதற்கு ஒரு மரத்தட்டும், அதற்கு இரண்டு இரும்புத் தாங்கிகளும் வாங்கியிருந்தார்கள். தட்டு அமையவேண்டிய இடத்திற்கு நேர் கீழே மாணவன் அமர்ந்து படிக்கும் மேசை. ஆகவே அது விழவே கூடாது. சுவரைத் தட்டிப் பார்த்தோம். அவ்விடத்திற் சட்டம் இல்லை. அருகே மின்னாளி உண்டா என்றும் பார்த்தோம். அதற்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் மின்கம்பிகள் செல்லக்கூடும். எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுத்தபோது 9 கிலோ இருந்தது. இவ்வாறான இடத்திற்கு உரியதே 'ரொகிள் போல்ற்'.

கால் அங்குல மரையாணிக்கு 5/8 அங்குலத் துளை இட்டோம். "ஆணி சின்னன், ஓட்டை ஏன் பெரிசு?" என்று மாணவன் கேட்டான். நல்ல கேள்வி! மூலையிலே கிடந்த குடையை எடுத்துக் காட்டினோம். மடித்த குடை ஒடுங்கிய வாயிலால் உள்ளே போகும். உள்ளே விரிந்தபின் அதே வாயிலால் திரும்பி வராது. மரையாணியின் நுனியிலுள்ள இரு சிறகுகளும் அத்தகையனவே. மடித்து உள்ளே செலுத்தினால், அரை அங்குலப் பலகையைக் கடந்ததும் சுருள்வில் அவற்றை விரிக்கும். துளையைச் சுற்றியுள்ள ஒரு புள்ளி தாங்கவேண்டிய சுமையை, பின்புறத்தில் விரிந்த சிறகுகள் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளிக்கின்றன.

இதிலே வரிசை முக்கியம். முதலில் மரையாணியைத் தாங்கியின் துளையில் நுழைத்து, அதன் பின்னரே சிறகுகளைப் பூட்டவேண்டும். உள்ளே விரிந்ததும் ஆணியைத் தம்பக்கம் இழுத்துப் பிடித்தபடி திருகவேண்டும். இழுக்காவிடின் சிறகுகளும் கூடவே சுழலும். இறுகியதும் நிறுத்தவேண்டும், மிகையாக முறுக்கினால் ஜிப்சம் நொறுங்கும்.

பெற்றோர் கவனத்திற்கு இன்னும் சில. சிறிய படத்திற்குச் சாதாரண ஆணியோ பிளாஸ்ரிக் செருகியோ போதும். தொலைக்காட்சி, புத்தக அலுமாரி போன்ற பெருஞ்சுமைகளைச் சட்டத்திலேயே பூட்டுக. பொதியிற் குறித்த நிறை முறியும் எல்லையாயின், அதன் நாலிலொரு பங்கையே ஏற்றுக. தட்டு அகலமாயின் மேலுள்ள ஆணியை வெளியே இழுக்கும் விசை கூடும். அப்போது சுமையை மேலும் குறைத்துக்கொள்க.

படம் ஏறியதும் மாணவன் நெடுநேரம் பார்த்து நின்றான். "அப்பப்பாவுக்கு என்ரை காது" என்றான். தாயார் ஒன்றும் பேசவில்லை.

பெற்றோரே, இந்த மரையாணியைக் கழற்றினால் அதன் சிறகுகள் சுவருக்குள்ளேயே விழுந்துவிடும். துளையும் பெரிது, பூசி மறைக்கவேண்டியிருக்கும். நாளை போகப்போகும் வீடு என்று எண்ணுவோர் இதற்கு அஞ்சுவது இயல்பே. ஆயினும், தற்காலிகம் என்று நாம் எண்ணியிருக்கும் இந்த வீடுதான் எமது பிள்ளைகள் வளரும் வீடு. அவர்களுடைய நினைவில் நிற்கப்போவதும் இதுவே. வரவிருக்கும் வீட்டிற்காக அலுமாரிக்குள் காத்திருக்கும் படங்களை இந்தச் சுவரிலேயே ஏற்றுங்கள். சுமையறிந்து, இடமறிந்து, உரிய ஆணியைத் தெரிந்து பூட்டினால் மெல்லிய சுவரும் தாங்கும்.