முதல் மனுவின் தேதி

நான் வென்ற வழக்குகளில் இன்றும் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அதில் நான் கொங்குப் பகுதியின் சிறு பேரூராட்சி ஒன்றுக்காக வாதாடினேன். எதிரே நின்றவர் ஒரு கிணற்றுக்குச் சொந்தக்காரரான வயதான அம்மாள்.

ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிக்க அவருடைய தோட்டத்தை ஒட்டி மூன்று குட்டைகள் வெட்டியிருந்தார்கள். முதல் குட்டை ஆழமானது. கசடு அதில் படிந்து மட்கும். இரண்டாவது ஒன்றரை மீட்டர் ஆழமே இருக்கும். வெயிலில் வளரும் பாசி அங்கே பிராணவாயுவைத் தர, நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். மூன்றாவதில் வெயிலே கிருமிகளைக் கொல்லும். மோட்டாரும் மின்சாரமும் வேண்டாம் என்பதால், வருமானம் குறைந்த ஊருக்கு இதைவிட ஏற்ற முறை இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை அள்ளியாக வேண்டும். அடியில் போட்ட களிமண் பூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் கட்சிக்காரர் இரண்டையும் செய்யவில்லை. குட்டை மேடிட்டது, தண்ணீர் தங்கும் நாட்கள் குறைந்தன, கசிவு கிணற்றை எட்டியது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கிணறு அதைத் தாண்டியிருந்தது.

தண்ணீர் நிறம் மாறிய வாரமே அந்த அம்மாள் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீதையும் பத்திரப்படுத்தினார். பிறகும் பல மனுக்கள் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நடவடிக்கை எடுக்கப்படும் என்றே பதில் வந்தது. அதை நம்பிக் காத்திருந்து, பதினாறு மாதம் கழித்துத்தான் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வந்தார்.

2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வர வேண்டும் என்கிறது. தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கும்; அதற்கு மேல் இல்லை. ‘முதன்முதலில்’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கசிவு எந்த நாளில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அது தெரிந்த நாளை அவருடைய மனுவே சொன்னது. அவர் நீட்டிய ரசீதையே என் சான்றாக்கினேன். இழப்பீடு கேட்டு 15ஆம் பிரிவில் வந்திருந்தால் ஐந்து ஆண்டு அவகாசம் இருந்திருக்கும். அவர் பணம் கேட்கவில்லை. குட்டையைத் தூர்வாரச் சொல்லித்தான் கேட்டார். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்தவர் என்னிடம் கோபப்படவில்லை. “ஏனுங்க வக்கீலய்யா, அன்னைக்கே மனு குடுத்தது தப்புங்களா?” என்று மட்டும் கேட்டார். விழிப்பாக இருந்தவர் தோற்றார். வாய்மூடி இருந்திருந்தால் அவருக்கு எதிராகக் காட்ட எனக்குத் தேதியே கிடைத்திருக்காது. காலக்கெடு என்ற விதி, தூங்குபவரை எழுப்புவதற்காக வந்தது. என் வாதம் அதை விழித்திருந்தவர்மேல் பாய வைத்தது.

அவர் ஓயவில்லை, கோட்டாட்சியரிடம் போனார். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு இருந்தது. இன்று அது புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு. அங்கே ஆறு மாதக் கெடு இல்லை. நிதி இல்லை என்று வாதாடினேன். இதே பிரிவில் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் ரத்லம் நகராட்சியும் இதையேதான் சொன்னது. நிதியின்மையைக் காட்டிக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதிவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சேற்றை அள்ள உத்தரவானது, அள்ளினார்கள். ஆனால் நிலத்தடியில் இறங்கியது உத்தரவுக்குக் கட்டுப்பட்டு மேலே வரவில்லை. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகும் குடிதண்ணீரை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தது.

உங்கள் ஊர்க் கிணறு கெட்டால் அன்றே மனு கொடுங்கள், ரசீது வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரியின் பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களையும் சட்டம் அந்த ஆறு மாதத்துக்குள்தான் எண்ணுகிறது.