ஒரு வரிசை ஊருக்கு

கடந்த மார்கழியில் 82 வயதில் காலமான அந்தப் பெரியவருக்கு, பேராவூரணி பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. ஊரில் அவரைப் ‘பிள்ளைத் தாத்தா’ என்றுதான் அழைப்பார்கள். அது சாதியைச் சொல்லும் பெயரல்ல. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தென்னம்பிள்ளை கொடுத்ததால் வந்த பெயர்.

அப்பா விட்டுப்போனது ஒரு ஏக்கர். இன்னொரு ஏக்கர், வரப்பு வெட்டியும் மூட்டை தூக்கியும் அவர் சம்பாதித்தது. 25 அடிக்கு ஒன்றாக, மூன்றடி நீள, அகல, ஆழத்தில் 140 குழிகளையும் தன் கையாலேயே வெட்டினார். முதல் இரண்டு கோடையும் குடத்தில்தான் தண்ணீர். நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை ஊடே போட்ட கடலையும் உளுந்தும்தான் நான்கு பிள்ளைகளுக்கும் சோறு போட்டன.

நாற்று விஷயத்தில் அவர் கறார். வருஷம் நூறு காய்க்குக் குறையாத, குலை விடுவதில் சுணங்காத மரம்தான் தாய்மரம். 12 மாதம் முற்றிய நெற்றைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். காதருகே ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் மணலுக்குப் போகும். முளைக்கப் பிந்தியது, கழுத்து மெலிந்தது, இலை விரியச் சோம்பியது எல்லாம் கழிவு. “சும்மாதானே கொடுக்குறீங்க, அதையே கொடுத்தா என்ன?” என்று ஒருவர் கேட்டதற்கு, “ஏழு வருஷம் தண்ணி ஊத்திட்டு ஏமாந்து நிக்கவா?” என்றார்.

நாற்றங்காலில் ஐந்து வரிசை. நான்கு விற்பனைக்கு, ஒன்று ஊருக்கு. தலைப்பிள்ளை பிறந்த வீடு, கணவனை இழந்த பெண்ணின் கொல்லை, கல்யாணமாகிப் போகும் பெண்ணின் சீர் வண்டி என்று அந்த வரிசை காசில்லாமல் போகும்.

வீட்டில் இதற்கு ஒப்புதல் இருந்ததாகச் சொல்ல முடியாது. இளைய மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்த வருஷமும் அந்த ஒரு வரிசையை அவர் விற்கவில்லை. “ஊருக்குப் பிள்ளை கொடுக்குறாரு, பெத்த பிள்ளைக்குக் கணக்குப் பாக்குறாரு” என்று மனைவி சொல்லிக்காட்டுவார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவரும் பதில் சொன்னதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் 140 மரத்தில் 129 சாய்ந்து கிடந்தன. தாய்மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. அரசு நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய் என்றார்கள். திருப்பூரிலிருந்து வந்த மூத்த மகன், “வித்துட்டு எங்ககூட வந்துடுங்கப்பா” என்றார். “முதல்ல கட்டையெல்லாம் அப்புறப்படுத்து. மக்கவிட்டா காண்டாமிருக வண்டு பெருகும், அடுத்து வைக்கிற பிள்ளையோட குருத்தைத் தின்னுடும்” என்றார் அவர். விற்கப் போவதில்லை என்பதற்கு அதுதான் பதில்.

வைப்பதற்கு நாற்று எங்கே? சந்தைக்கு வந்த பிள்ளைகள் எந்த மரத்து வித்து என்று விற்றவருக்கே தெரியவில்லை. அப்போதுதான் நெற்று வர ஆரம்பித்தது. வீடுகளின் மறைவில் தப்பிய கொல்லை மரங்களிலிருந்து இரண்டும் மூன்றுமாக வந்தன. மதுரை பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண், 20 வருஷத்துக்கு முன் சீரோடு கொண்டுபோன பிள்ளை காய்த்த நெற்றை இரண்டு சாக்கில் பஸ்ஸில் போட்டு எடுத்து வந்தார். “உங்க மரம்தான் தாத்தா” என்றார். தோப்பில் அழிந்த வித்து, கொடுத்த இடங்களில் பிழைத்திருந்தது. மனைவி ஒன்றும் பேசாமல் சாக்கை அவிழ்த்தார். அதன்பிறகு அந்தக் குத்தல் பேச்சு வரவே இல்லை.

நெட்டை மரத்தில் அயல் மகரந்தச் சேர்க்கை உண்டு. நெற்று அப்படியே தாயைக் கொண்டுதான் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மறுபடியும் கறாராகக் கழித்தார். 2020இல், 77 வயதில், மறுநடவு. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பேரன் கூடவே இருந்தான்.

“எப்ப தாத்தா காய்க்கும்?”

“ஏழு வருஷம் ஆகும்.”

“அப்ப உனக்கு என்ன வயசு?”

“எனக்கு எத்தனையா இருந்தா என்னடா, மரத்துக்கு ஏழு.”

கருமாதி முடிந்த அன்று பிள்ளைகள் பெட்டியைத் திறந்தார்கள். பத்திரம், பட்டா, அடங்கல், கூடவே ஒரு நோட்டு. யாருக்கு எத்தனை பிள்ளை, எந்த வருஷம் என்று அவர் கையெழுத்து. பணம் எழுத இடமே விடவில்லை. பேச்சு பாகப்பிரிவினைக்கு வந்தபோது, அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா வாய் திறந்தார். “பிரிக்கிறதுன்னா பிரிச்சுக்குங்க. ஊருக்குப் போற வரிசை யாரு பங்குன்னு அதுக்கு முன்னால சொல்லுங்க.”

நான்கு பேரும் பேசவில்லை. தோப்பு இன்னும் பொதுவில்தான் இருக்கிறது.

மாசியில் இறக்கிய நெற்று இப்போது முளைவிட்டிருக்கிறது. கழிப்பதுதான் பேரனுக்குச் சிரமமாக இருக்கிறது. முளைத்த எதையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. அப்பத்தா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கையைக் காட்டுகிறார். இது மெலிசு, எடுத்துடு. இது விக்கலாம். இது நல்லா இருக்கு, ஊருக்கு வை.