ஆமை ஏறி வந்த கரை



நம்ம கோயில் பசங்கள பெர்ஹெந்தியான் தீவுக்கு அழைச்சிக்கிட்டுப் போறோம்னு சொன்னப்ப, "கோயில் பிள்ளைங்களுக்குக் கடற்கரை எதுக்குண்ணே?"ன்னு சிலர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. கூடப் போனவன் என்ற முறையில் பதில் சொல்றேன்.

ஆயர் குரோவிலிருந்து ராத்திரி முழுக்க பஸ். விடிஞ்சதும் திரங்கானு மாநிலத்தின் கோலா பெசுட் படகுத்துறை. அங்கிருந்து வேகப்படகு. வருசக் கடைசி மழைக்காலத்தில் விடுதிகள் பெரும்பாலும் மூடிடும் என்பதால் பள்ளி விடுமுறையில் போனோம்.

பகல்ல லைஃப் ஜாக்கெட் போட்டு, கண்ணாடி மாட்டி, தண்ணிக்குள்ள முகத்த வச்சா வேற உலகம். "பவளப்பாறை கல் இல்ல, உயிர். மேல கால் வைக்காதீங்க"ன்னு படகுக்காரர் கண்டிப்பா சொன்னார்.

ராத்திரி ஆமை முட்டையிடுவதைக் காட்டினாங்க. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. பச்சை ஆமை ஒன்னு குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டை போட்டுச்சி. அதன் கண்ணில் தண்ணி வழிஞ்சது.

கோவிட்ல அம்மாவ இழந்த பையன் ஒருத்தன் எங்க கூட வந்திருந்தான். அதிகம் பேசமாட்டான். "அங்கள், அது அழுவுதா?"ன்னு கேட்டான். உடம்பிலுள்ள உப்பை அப்படித்தான் வெளியேத்தும்னு காவலர் விளக்கினார். கொஞ்ச நேரம் கழிச்சி, "குஞ்சு வர்றப்ப அம்மா இருக்காது, இல்ல?"ன்னான். "இருக்காதுப்பா. ஆனா நல்ல இடமா பார்த்து வச்சிட்டுத்தான் போகுது"ன்னேன். விடியும் வரைக்கும் அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு நம்மாளுங்க சொல்வாங்க. ஆனா பாற்கடலைக் கடைஞ்சப்ப மந்தர மலையைத் தாங்கினது ஆமையா வந்த பெருமாள்தானே? இன்னிக்கு அந்த ஆமை பிளாஸ்டிக் பைய சொறிமீன்னு நினைச்சித் தின்னு சாகுது. திரங்கானு ரந்தாவ் அபாங் கரையில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஏறிய தோல்முதுகு ஆமை, இப்ப காண்பதே அபூர்வம். ஆமை முட்டை விற்பனைக்கு அந்த மாநிலம் 2022ல் தடை போட்டது.

நம்ம மலாக்காவிலும் ஆமை கரையேறுது. மஸ்ஜித் தானா பக்கம் பாடாங் கெமுந்திங்கில் காப்பகம் இருக்கு. அவ்வளவு தூரம் போக முடியாதவங்க பிள்ளைகளை அங்க கூட்டிட்டுப் போங்க.

ஒரு வேண்டுகோள். பூஜைப் பொருளைக் கடலிலோ ஆத்திலோ விடுறவங்க, பிளாஸ்டிக்கையும் நூலையும் பிரிச்சி எடுத்துட்டு விடுங்க. திருவிழா அன்னதானத்துக்கு வீட்டிலிருந்தே தட்டு, தண்ணி போத்தல் கொண்டு வாங்க. கழுவ நாங்க இருக்கோம்.

எல்லாருக்கும் அம்மன் அருள் கிட்டட்டும்.