முனையைச் சுற்றிய இருவர்

தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஹார்ன் முனை என்றொரு பாறைமுகம் உண்டு. மாலுமிகள் அஞ்சும் இடம் அது. அப்பகுதியில் உலகைச் சுற்றி வீசும் மேலைக்காற்றை மறிக்க நிலப்பரப்பு ஏதுமில்லை. அக்காற்று துரத்திவரும் பேரலைகள், அண்டார்க்டிகாவுக்கும் அம்முனைக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அகலமே உள்ள கடல்வழியில் நெருக்குண்டு, ஆழம் குறையுமிடத்தில் சுவரென எழும்புகின்றன. 1914இல் பனாமா கால்வாய் திறக்கப்படுமுன் அவ்வழியே சென்ற கப்பல்கள் பல, கரை சேரவேயில்லை.

அம்முனையை 2025 பிப்ரவரி 15 அன்று ‘தாரிணி’ என்னும் சிறு பாய்மரப் படகு சுற்றிவந்தது. அதன் நீளம் சுமார் 17 மீட்டர். அதிலிருந்தோர் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, கேரளத்தைச் சேர்ந்த தில்னா. இருவரும் நம் கடற்படை அதிகாரிகள். காற்று மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வீச, அலைகள் 5 மீட்டருக்கு மேல் உயர்ந்தன. 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து புறப்பட்டவர்கள், உலகைச் சுற்றி 2025 மே 29இல் அங்கேயே திரும்பினர்.

கண்மாய் நிறைந்தாலே திருவிழாவாகக் கொண்டாடும் எங்கள் மல்லாங்கிணற்றில், இச்செய்தி என் மகளின் நெஞ்சில் வேரூன்றிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவள், 2022 முதல் பெண்களையும் சேர்க்கும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் தேர்வெழுதிக் கடற்படையில் சேர வேண்டுமென்கிறாள்.

“குடிதண்ணிக்கே அலையுற ஊருல பிறந்துட்டு, நடுக்கடல்ல போய் நிக்கப்போறியா?” என்று கண்கலங்கினார் என் அன்னை.

“அவங்களும் ஒரே நாள்ல போகல, அப்பத்தா. மூணு வருசம் பழகிட்டுத்தான் போனாங்க” என்றாள் மகள்.

அது உண்மையே. தனியொருவராய் உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி அவ்விருவருக்கும் பயிற்சியளித்தார். முதலில் அறுவர் குழுவில் ஒருவராய்த் தொலைகடல் பழகினர். பின்னரே இருவர் மட்டுமாய் மொரீஷியஸ் வரை சென்று மீண்டனர்.

இதனை எண்ணியபோது எங்கள் மானாவாரி உழவு நினைவுக்கு வந்தது. மழை வருமுன்னே காய்ந்த கரிசலில் விதைக்கிறோம். அயலார்க்கு அது சூதாட்டமாய்த் தோன்றலாம். ஆனால் நிலத்தை உழுது பண்படுத்தி, பருவம் பார்த்து, காற்றின் திசையும் மேகத்தின் நிறமும் அறிந்தே விதையை இடுகிறோம். அதன்பின் வருவது நம் கையில் இல்லை. அதுவரை உள்ளது நம் கையில்தான்.

மகளின் விண்ணப்பத்துக்கு இசைவளித்துவிட்டேன். அச்சம் நீங்கிவிட்டதா எனில், இல்லை. பெற்றோரே, பிள்ளைகள் கடக்க வேண்டிய முனைகளை நாம் அகற்ற இயலாது. அவர்கள் ஆயத்தமாகும் ஆண்டுகளில் உடன் நிற்கவே இயலும். முதல் ஆயத்தமாக, அவள் இப்போது எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகுகிறாள். கரையில் காவலிருப்பவர், அவளுடைய அப்பத்தா.